மெரி மதாமுக்குக் குப்பை காட்டப் போன கதை

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். மெரியிலயிருந்து வாற மதாமுக்கு எங்கட வாசல் குப்பையைக் காட்டுறது.

அவ்வளவுதான்! தூக்கத் தேவையில்லை, துடைக்கத் தேவையில்லை. கையை நீட்டி "இந்தா, இதுதான்" எண்டு சொன்னால் காணும். ஒரு விரல் வேலை. அந்த ஒரு விரல் வேலையில நான் என்ன கூத்தாடினன் எண்டு சொல்லுறன், கேளுங்கோ.

மெரி எண்டால் இஞ்சை பாரிசில நகரசபை. எங்கட கட்டிடம் லா சப்பலில, ரூ காய் எண்ட தெருப் பக்கம். பழைய கட்டிடம். பெரிய மரக்கதவு, அதுக்குள்ள போனால் ஒரு சின்ன முற்றம். கதவுக்குப் பக்கத்தில சுவர் கொஞ்சம் உள்வாங்கி இருக்கு. வான் ஒண்டை ரிவேசில விட்டு நிப்பாட்ட அளவான இடம். இதைக் கட்டினவன் என்ன நினைச்சுக் கட்டினானோ தெரியாது, இப்ப அது ஊர்க் குப்பைக்குத்தான் உதவுது.

பழைய மெத்தை, கதவில்லாத பிரிட்ஜ், கால் உடைஞ்ச சோபா... ஆரோ வானில கொண்டந்து இறக்கிப்போட்டு ஓடிடுவாங்கள். மெரி லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். ரெண்டு நாளால பாத்தால் அதே இடத்தில வேற ஒரு சோபா குந்திக்கொண்டு இருக்கும்.

நாங்கள் முதலாம் மாடி. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போயிடுவம். ஆனா கீழ் வீட்டுத் தர்சினிக்கு அப்பிடி ஏலாது. அவளின்ர வீடு ஒரே ஒரு அறை, ஒரே ஒரு சன்னல். அந்தச் சன்னலுக்கு நேர கீழதான் குப்பை. வீட்டில கைப்பிள்ளை ஒண்டு. சன்னலைத் திறந்தால் எலி வருது, பூட்டினால் பிள்ளைக்குக் காத்தில்லை.

"ரூபன் அண்ணை, நேற்று எலி தொட்டிலுக்குக் கீழ நிண்டது" எண்டாள் ஒருநாள். "இனி என்னால ஏலாது. இந்தமுறையும் ஒண்டும் நடக்கேல்லை எண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தமையன் வீட்டை போயிடுவன். அங்கை ஏற்கெனவே ஆறு பேர் படுக்க இடமில்லாமல் கிடக்கினம்."

சொல்லி முடிக்க முன்னம் அழுதிட்டாள். எனக்கு நெஞ்சு கரைஞ்சு போச்சு. நெஞ்சு கரைஞ்சால் என்ர வாய் தானாத் திறந்திடும். அது ஒரு வியாதி.

"நீ ஒண்டுக்கும் யோசிக்காதை பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்!"

என்ர மனுசி வசந்தி பக்கத்தில நிண்டவள். மேல ஏறி வரேக்க கேட்டாள்: "எதைப் பாக்கப் போறியள்? குசினிக் குழாய் ஒழுகுதெண்டு சொல்லி எத்தினை மாசம்? அதை இன்னும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்."

அந்தக் கிழமையே அதிர்ஷ்டம் கதவில வந்து ஒட்டிக்கொண்டு நிண்டது. மெரி அறிவித்தல்! சனிக்கிழமை காலமை, மேயருக்கு அடுத்த நிலையில இருக்கிற ஒரு மதாம் எங்கட பகுதியைச் சுத்திப் பாக்க வாறாவாம். குடியிருக்கிற ஆக்கள் தங்கட பிரச்சினையை அந்தந்த இடத்திலயே காட்டலாமாம். ஒரு வாசலுக்குப் பத்து நிமிசம்.

கதைக்கிறதுக்கு என்னைத்தான் தெரிவு செய்தினம். காரணம், என்ர பிரெஞ்சு. அது ரெஸ்டோரன்ட் பிரெஞ்சு. "இன்னும் கொஞ்சம் பாண் வேணுமோ?", "உறைப்புக் கூடிப்போச்சோ?" வரைக்கும் தண்ணி மாதிரி ஓடும். அதுக்கு மேல போனால் எனக்கு உறைக்கத் தொடங்கிடும். ஆனா கட்டிடத்தில மற்ற ஆக்கள் "பொன்ஜூர்" எண்ட வணக்கத்தோட நிண்டிடுவினம் எண்டபடியால் நான்தான் அறிஞர்.

புதன்கிழமை எங்கட வீட்டில கூட்டம் வைச்சன். அதுதான் முதல் பிழை.

"எல்லாரும் குப்பையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. ஆதாரம் வேணும்" எண்டன்.

"ஓம், ஓம்" எண்டினம்.

மூண்டாம் மாடிச் செல்வராசா அண்ணை தொண்டையைச் செருமினார். அண்ணையைப் பற்றிச் சொல்ல வேணும். இஞ்சை இருக்கிற எங்கட சங்கங்களில அவர் செயலாளரா இருக்காத சங்கம் இனித்தான் தொடங்க வேணும். நாலு பேர் ஒண்டாத் தேத்தண்ணி குடிச்சாலும் நன்றியுரை சொல்லாமல் கோப்பையைக் கீழ வைக்கமாட்டார்.

"தம்பி, ஒரு பெரிய ஆள் எங்கட வாசலுக்கு வாறா. அவாவைத் தெருவில நிப்பாட்டிக் குப்பையைக் காட்டி அனுப்புறதோ? எங்களுக்கு எண்டு ஒரு முறை இருக்கெல்லோ?"

"பத்து நிமிசம்தான் அண்ணை தருகினம்."

"பத்து நிமிசம் தாராளம்! நான் வடிவா அடக்கித் தாறன்."

அடக்கினார். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை போர்த்தல், பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை.

"அண்ணை, குப்பை எங்கை?"

"நன்றியுரைக்கு முன்னம் போடலாம். நேரம் இருந்தால்."

நான் வாதாடிப் பாத்தன். கூட்டம் முழுக்க அண்ணையின்ர பக்கம். சரி, ஒரு விளக்கும் ஒரு சால்வையும்தானே, என்ன வந்திடப் போகுது எண்டு விட்டிட்டன்.

ரெண்டாம் மாடி மனோன்மணி அக்கா கூட்டம் முடியும் வரைக்கும் வாயே திறக்கேல்லை. பெரிய ஹோட்டல் ஒண்டில அறை துப்புரவாக்கிற வேலை அவாவுக்கு. எழும்பிப் போகேக்க ஒண்டு மட்டும் கேட்டா.

"எத்தினை மணிக்கு வாறாவாம் தம்பி?"

"பத்தரைக்கு அக்கா."

"ம்ம்."

அந்த "ம்ம்" எனக்கு அப்பவே விளங்கியிருக்க வேணும். விளங்கேல்லை. நான்தானே அறிஞர்.

சனிக்கிழமை விடிஞ்சுது. எட்டு மணிக்குக் கீழ இறங்கிப் பாத்தன். அடடா! என்ன ஒரு குப்பை! கறை பிடிச்ச இரட்டை மெத்தை ஒண்டு சுவரில சாஞ்சு நிக்குது. மூண்டு கால் சோபா ஒண்டு. பிரிட்ஜ் ஒண்டு. ஏழெட்டு உரப்பை. எல்லாத்துக்கும் மேல ஒரு கிழிஞ்ச தலகாணி, கேக்குக்கு மேல செரிப்பழம் வைச்ச மாதிரி. என்ர வாழ்க்கையில குப்பையைப் பாத்துச் சந்தோசப்பட்ட நாள் அதுதான். எலி ஒண்டும் எட்டிப் பாத்தது. "பத்தரைக்கு வா" எண்டு அதுக்கும் சொல்லிப்போட்டு மேல போனன்.

குளிச்சு, சவரம் எடுத்து, கலியாணத்துக்குப் போடுற சேட்டை ஸ்திரி போட்டு, கண்ணாடிக்கு முன்னால நிண்டு பிரெஞ்சில பாடமாக்கினன். "மதாம், எங்கட நிலைமையை நீங்களே உங்கட கண்ணால பாருங்கோ!" கையை எப்பிடி நீட்டுறது எண்டும் பழகினன். நல்லா வந்தது.

பத்து மணி தாண்டக் கீழ இறங்கினன். கதவைத் திறந்தன். வேற ஆரின்ரயோ வாசலுக்கு வந்திட்டன் எண்டு நினைச்சு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்ப உள்ள போயிட்டன்!

பிறகு இலக்கத்தைப் பாத்தன். எங்கட வாசல்தான்.

குப்பை இல்லை! ஒரு பேப்பர்த் துண்டு இல்லை! நிலம் கழுவி, ஜவெல் எண்ட கிருமிநாசினியின்ர மணம் மூக்கைத் துளைக்குது. நடுவில இவ்வளவு பெரிய கோலம். நிறைகுடம். குத்துவிளக்கு. மனோன்மணி அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில செருகிக்கொண்டு கடைசிப் பூவை வைச்சுக்கொண்டு நிக்கிறா.

"அக்கா! குப்பை எங்கை?"

"எடுத்தாச்சு தம்பி. ஆறு பேர் சேந்து முறிஞ்சனாங்கள்."

"ஏன் எடுத்தனீங்கள்?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "என்ன கேள்வி இது? பெரிய ஆள் வாறா. வாசல் அந்தக் கோலத்தில கிடந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

"அதை நினைக்கத்தானே அக்கா கூப்பிட்டனாங்கள்!"

"அதுக்காக ஊத்தையோட நிக்கிறதோ? எனக்கு ஏலாது. என்ர கை சும்மா இருக்காது."

பிழையை ஆரில சொல்ல? எங்கட வீடுகளில ஆரும் வாறதெண்டால் முதல் வேலை கூட்டிக் கழுவுறது. வீடு ஊத்தை எண்டு காட்டுறதுக்கு ஆளைக் கூப்பிட்டாலும், கூப்பிட்ட ஆள் வர முன்னம் கழுவிடுவம். தூக்கின ஆறு பேரில ஒருத்தருக்கும் இது பிழையாத் தெரியேல்லை.

"சரி, எல்லாத்தையும் எங்கை போட்டனீங்கள்?"

முற்றத்தைக் காட்டினா. பிரிட்ஜைப் படுக்க வைச்சு, வெள்ளைத் துணி விரிச்சு, மேல பூச்சாடி. அதுதான் மேடை. சோபாவுக்கு மேல அக்காவின்ர பட்டுச்சேலை ஒண்டு. நாலாவது காலுக்குப் பதிலா ஒரு எண்ணெய் டின். அதுதான் பிரதம விருந்தினர் ஆசனம். உரப்பை முழுக்க மாடிப்படிக்குக் கீழ.

"மெத்தை?"

"உங்கட வீட்டில. நீங்கள் குளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். வசந்திதான் கதவைத் திறந்தது."

மேல ஓடினன். உண்மைதான். எங்கட வரவேற்பறையில டீவியை மறைச்சுக்கொண்டு மெத்தை நிக்குது. தலகாணி எங்கட சாப்பாட்டு மேசைக்குக் கீழ.

"ஏன் உள்ள விட்டனி?"

"அக்கா 'ஒரு நிமிசம் பிள்ளை' எண்டு கேட்டா. ஒரு நிமிசத்துக்கு ஆர் மாட்டன் எண்டு சொல்லுறது?" எண்டாள் வசந்தி.

திரும்பக் கீழ வந்தன். தர்சினி பிள்ளையோட தன்ர கதவில நிண்டு கோலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். முகம் செத்துப் போச்சு.

"அண்ணை, இப்ப என்னத்தைக் காட்டப் போறியள்?"

மதாம் வருவா, பளிச்செண்டு கிடக்கிற வாசலைப் பாப்பா, "இவையளுக்கு ஒரு குறையும் இல்லை" எண்டு எழுதிக்கொண்டு போவா. இந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டும். பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவன் சேட்டை ஸ்திரி போட்டுக்கொண்டு நிண்டதுதான் மிச்சம்.

மணி பத்து இருபது. பத்து நிமிசம் இருக்கு. குப்பையைத் திரும்பப் போட்டால் என்ன?

இந்த இடத்தில ஆராவது எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். ஒருத்தரும் விடேல்லை. மேல ஓடினன். மெத்தையைத் தலையில தூக்கினன். வளைஞ்சு வளைஞ்சு இறங்கிற படி. மெத்தை ரெண்டு பக்கமும் தொங்கி முன்னால ஒண்டும் தெரியேல்லை. கலியாணச் சேட்டு கக்கத்தில கிழிஞ்சுது. கதவைக் காலால தள்ளி, வெளிய வந்து, முழுப் பலத்தோட எறிஞ்சன். கோலத்துக்கு மேல தொப்பெண்டு விழுந்தது.

"பொன்ஜூர் முசியோ."

நிமிர்ந்து பாத்தன். கழுத்தில நீலச் சால்வையோட ஒரு மதாம். பக்கத்தில டேப்லெட்டோட ஒரு பெடியன். அஞ்சு நிமிசம் முந்தியே வந்திட்டினம்! வெள்ளைக்காரர் நேரத்துக்கு வருவினம் எண்டு தெரியும். முந்தி வருவினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

"முசியோ, இந்த மெத்தையை இஞ்சை போடுறீங்களோ?" எண்டு கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா.

"இல்லை மதாம். இது என்ர மெத்தை இல்லை."

"ஆரின்ரை?"

"தெரியாது."

"எங்கையிருந்து கொண்டு வாறீங்கள்?"

"என்ர வீட்டிலயிருந்து."

சொன்னது எல்லாம் உண்மை! ஆனா ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டை வைச்சால் எனக்கே நம்பிக்கை வரேல்லை. பெடியன் டேப்லெட்டில என்னவோ தட்டத் தொடங்கினான்.

அந்த நேரம் பாத்து மேல சன்னல் திறந்துது. வசந்தி.

"இஞ்சேருங்கோ! இந்தத் தலகாணியை விட்டிட்டுப் போயிட்டியள்!"

மதாமுக்கும் எனக்கும் நடுவில வந்து விழுந்தது.

"மதாம், படம் இருக்கு! ஆதாரம் இருக்கு!" எண்டு போனை எடுத்தன். கட்டிடத்து ஆக்கள் அனுப்பின படங்கள். அதுவரை நான் ஒண்டையும் திறந்து பாக்கேல்லை. முதல் படத்தில செல்வராசா அண்ணை கோட் சூட்டோட நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறார். ரெண்டாவதில மனோன்மணி அக்கா குடும்பமாச் சிரிச்சுக்கொண்டு. மூண்டாவதில எல்லாரும் சேந்து தோளில கை போட்டுக்கொண்டு. குப்பை? குப்பை இவையளுக்குப் பின்னால மறைஞ்சுபோய் நிக்குது. வெறும் குப்பையை ஆர் படம் எடுக்கிறது, எடுக்கிறதே எடுக்கிறம் நாங்களும் நிப்பம் எண்டு நிண்டிருக்கினம்.

மதாம் ஒவ்வொண்டாத் தள்ளிப் பாத்தா. "நல்ல குடும்பம்" எண்டா.

உள்ளுக்குள்ள மைக் கொரகொரத்துது. "எமது அன்பான அழைப்பை ஏற்று இங்கே எழுந்தருளியிருக்கும் மாண்புமிகு..." செல்வராசா அண்ணை தொடங்கிட்டார்! மனோன்மணி அக்கா ஓடிவந்து மதாமுக்குப் பன்னீர் தெளிச்சு, சந்தனப் பொட்டு வைச்சு, கையைப் பிடிச்சு முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோபாவில இருத்தினா. எண்ணெய் டின் நெளிஞ்சுது. மதாம் ஒரு பக்கம் சரிஞ்சா. மரியாதைக்கு அப்பிடியே சரிஞ்சபடி சிரிச்சுக்கொண்டு இருந்தா.

"தம்பி, மொழிபெயர்!" எண்டார் அண்ணை.

தொன்மை, பண்பாடு, வந்தாரை வாழவைத்தல் எண்டு ரெண்டு நிமிசம் பொழிஞ்சார். நான் மதாமிட்டைச் சொன்னன்: "அவர் பொன்ஜூர் சொல்லுறார்."

இன்னும் ரெண்டு நிமிசம் பொழிஞ்சார்.

"திரும்பவும் பொன்ஜூர் சொல்லுறார்."

மதாம் மணிக்கூட்டைப் பாத்தா. "மிச்சம் நன்றி. இண்டைக்குப் பாத்த வாசல்களில இதுதான் ஆகத் துப்புரவு" எண்டா. பிறகு என்ர பக்கம் திரும்பி, "உங்கட மெத்தையைத் தவிர. துப்புரவுப் பகுதிப் பொறுப்பாளர் பின்னால வானில வாறார். அவர் உங்களோட கதைப்பார்" எண்டா.

நான் அதை அண்ணைக்குச் சொன்னன். அதுதான் அண்டைக்கு நான் செய்த கடைசிப் பிழை. "அண்ணை, துப்புரவுப் பகுதிப் பெரியவரும் வாறாராம். வானில."

அண்ணை துடிச்சுப் போனார். "இன்னுமொரு பிரமுகரோ! பொன்னாடை ஒண்டுதானே வாங்கினது!" எண்டு சொல்லி, பொன்னாடையைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வந்த ஆளை வாசலில வரவேற்காமல் விட்டால் பிறகு கதை வந்திடுமாம்.

மதாம் எழும்பினா. பத்து நிமிசம் முடிஞ்சுது. குப்பை எண்ட சொல்லை ஒருத்தரும் வாயால சொல்லேல்லை.

அப்பதான் தர்சினி வந்தாள். நேர வந்து பிள்ளையை மதாமின்ர கையில குடுத்தாள். கையில பிள்ளையைத் தந்தால் உலகத்தில ஆரும் வாங்கத்தானே வேணும்? மதாம் வாங்கினா. தர்சினி அவாவின்ர சட்டைக் கையைப் பிடிச்சாள். "வெனே, மதாம், வெனே" எண்டாள். வாங்கோ எண்டு அர்த்தம். அவளுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான். பின்னால நானும் போனன்.

நானும் அந்த வீட்டுக்குள்ள அண்டைக்குத்தான் முதன்முதலாப் போறன். ஒரு அறை. சன்னல் ஓரம் முழுக்க அகலமான டேப் ஒட்டி, இடுக்கெல்லாம் பழந்துணி அடைஞ்சு கிடக்கு. தொட்டிலின்ர நாலு காலிலயும் எண்ணெய் டின் தகரத்தை வெட்டிச் சுத்தியிருக்கிறாள், எலி ஏறினால் வழுக்கட்டும் எண்டு. உள்ளுக்க மூச்சு முட்டுது. எனக்குச் சிரிப்பும் பகிடியும் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. வெக்கமா இருந்தது.

மதாம் தகரத்தைத் தொட்டுப் பாத்தா. "இது என்னத்துக்கு?"

எலி எண்டதுக்குப் பிரெஞ்சுச் சொல் எனக்கு நல்லாத் தெரியும். ரெஸ்டோரன்டில ஒருநாளும் வாய் திறந்து சொல்லக்கூடாத சொல் அது. சொன்னன்.

மதாம் பிள்ளையைத் தோளில சாத்தி முதுகைத் தடவிக்கொண்டு நிண்டா. "சன்னலைத் திறவுங்கோ" எண்டா.

தர்சினி டேப்பை உரிச்சுத் திறந்தாள். திறக்கவும், வெள்ளை வான் ஒண்டு ரிவேசில வந்து எங்கட மூக்குக்கு முன்னால நிக்கவும் சரியா இருந்தது. மஞ்சள் வெஸ்ட் போட்ட ஒரு மனுசன் இறங்கினான். நான் எறிஞ்ச மெத்தை கிடக்குதெல்லோ? அதைப் பாத்து, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறன் எண்ட மாதிரித் தலையாட்டினான். பின்கதவைத் திறந்து ஒரு பழைய வாசிங் மெசினைப் பாதி வெளிய இழுத்தான்.

"பியன்வெனு! பியன்வெனு!"

செல்வராசா அண்ணை! நல்வரவு எண்டதுக்குப் பிரெஞ்சுச் சொல்லை அண்டைக்கெண்டே பாடமாக்கி வைச்சிருந்தவர். பாஞ்சு போய்க் கையைப் பிடிச்சார். வான்காரனுக்கு நிறம் மாறிச்சு. "நோ, நோ முசியோ" எண்டு பின்னுக்குப் போனான்.

"என்ன அடக்கம் பாருங்கோ!" எண்டு அண்ணை உள்ளுக்கு நிண்ட சனத்துக்குச் சத்தம் போட்டார். "எங்கட ஆக்களெண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிப்பினம்! ஓடிவாங்கோ, கட்டிடத்துக்கு மெசினும் கொண்டந்திருக்கிறார்!"

சனம் முழுக்க வாசலுக்கு வந்திட்டுது. கைதட்டல். பொன்னாடை ஏறிச்சு. மனோன்மணி அக்கா பன்னீர் தெளிச்சு, பொட்டு வைச்சு, வாயில ஒரு லட்டைத் திணிச்சா. பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்கினம். அண்ணை மெழுகுதிரியை அவன்ர கையில குடுத்துக் குத்துவிளக்குப் பக்கம் இழுக்கிறார். வாயில லட்டு, கையில நெருப்பு, தோளில சரிகை. அவனால ஒரு சொல் கதைக்க ஏலேல்லை.

மதாம் என்னட்டைக் கேட்டா: "ஆர் அவர்?"

"உங்கட ஆள்தானே மதாம்? துப்புரவுப் பகுதி?"

"நான் அவரை என்ர வாழ்க்கையில கண்டதில்லை."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். பிறகு வாசிங் மெசினைப் பாத்தம். வானுக்குள்ள எட்டிப் பாத்தம். இன்னும் ரெண்டு மெத்தை, ஒரு அடுப்பு!

மதாம் பிள்ளையோட சன்னலால தலையை நீட்டிக் கத்தினா பாருங்கோ ஒரு கத்து! அவன் ஓட வெளிக்கிட்டான். செல்வராசா அண்ணை விடேல்லை. பிரெஞ்சு விளங்காததால மதாம் என்ன சொன்னா எண்டு அவருக்குத் தெரியாது. ஆனா பிரமுகர் ஒருத்தர் இடையில எழும்பிப் போறதை அவர் எந்தக் கூட்டத்திலயும் விட்டதில்லை.

"இருங்கோ, இருங்கோ! இன்னும் உங்கட உரை இருக்கு!" எண்டு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிண்டார். பெடியன் வான் இலக்கத்தைப் படம் எடுத்து, போனும் அடிச்சு முடிச்சிட்டான். பொலிஸ் வந்து வான்காரனைப் பொன்னாடையோடயே கூட்டிக்கொண்டு போச்சு.

கொஞ்ச நேரத்தால உண்மையான துப்புரவுப் பொறுப்பாளர் வந்தார். பாவம், அந்த மனுசனை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. லட்டும் முடிஞ்சுது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாச் சொல்லுறன். வான் விடுற இடத்தில இப்ப இடுப்பளவு உயரத்தில மூண்டு பெரிய பூந்தொட்டி நிக்குது. சைக்கிள் நிப்பாட்டவும் இடமில்லை. எலிப் பொந்து எல்லாம் அடைச்சாச்சு. சோபா, பிரிட்ஜ், உரப்பை எல்லாம் அண்டைக்கே மெரி லொறியில ஏறிப் போச்சு. தர்சினி பெட்டி கட்டேல்லை. சன்னலுக்குப் பூப்போட்ட திரை தைச்சுப் போட்டிருக்கிறாள். வழியில கண்டால் "அண்ணை, நீங்கள் இல்லாட்டி..." எண்டு தொடங்குவாள். நான் செய்ததெல்லாம் ஒரு மெத்தையை எறிஞ்சதுதான். அதை அவளுக்கு ஞாபகப்படுத்திறேல்லை.

மெத்தை மட்டும் லொறியில போகேல்லை. மதாம் போகேக்க என்னைக் கூப்பிட்டு, "முசியோ, உங்கட வீட்டுப் பொருள் எண்டால் இணையத்தில ரொந்தேவு எடுத்து, லொறி வாற நாளைக் குறிக்க வேணும். அதுவரைக்கும் மேல கொண்டுபோங்கோ" எண்டா. என்ர வாயாலயே என்ர வீட்டிலயிருந்து எண்டு சொன்னனான் எல்லோ? கொண்டுபோனன். ரொந்தேவு வியாழக்கிழமைக்குக் கிடைச்சுது. அதுவரைக்கும் ஆரோ ஊர் பேர் தெரியாதவன்ர மெத்தை எங்கட வீட்டில டீவி பாத்துக்கொண்டு நிண்டது. குப்பை போட்டவனுக்குப் பொன்னாடை, எனக்கு மெத்தை.

இப்ப ஒரே ஒரு சின்னப் பிரச்சினை. மத்தியானம் ரெஸ்டோரன்ட் முடிச்சு வந்து நான் ஒரு மணித்தியாலம் கண்ணயர்றனான். தர்சினி வீட்டுச் சன்னல் பூட்டிக் கிடந்த காலத்தில அந்தப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு தொண்டை இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. இப்ப சன்னல் திறந்திருக்கு. எங்கட கட்டிலுக்கு நேர கீழ.

"மெரியில ஒரு முறைப்பாடு குடுங்கோவன்" எண்டாள் வசந்தி.

"குடுக்கலாம். ஆனா மதாம் வாற நேரம் பாத்து அது நித்திரையாயிடும்."